டேஞ்சருக்குள் ஒரு கார்டன்

டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் மண்டையோட்டுக்குக் கீழே எழுதியிருக்கும் 'டேஞ்சர்' என்ற ஆறெழுத்தைக் கலைத்து அடுக்கினால் 'கார்டன்' வரும். அதே ஆறில் 'ரேஞ்ச்ட்' உண்டு. ஆண் வாத்தைக் குறிக்கும் 'கேண்டர்' உண்டு. ஆறு வெவ்வேறு எழுத்துகளை 720 விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றில் புழக்கத்தில் உள்ள சொல்லாக நிற்பவை என்று எனக்குத் தெரிந்தவை இந்த நான்குதான். மீதி எழுநூற்றுச் சொச்சமும் எழுத்துக் குப்பை. இந்தக் குப்பையிலிருந்து சொல்லைப் பொறுக்கி எடுக்கத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சம்பளம் வாங்கியது ஆங்கில ஆசிரியை என்ற பேரில்.

நான் வேலை பார்த்த அரசுப் பள்ளி பிளவக்கல் அணைக்குப் போகிற சாலையில் இருந்தது. ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, கிருஷ்ணன்கோவிலில் திரும்பி, வத்திராயிருப்பு, கூமாப்பட்டி தாண்டிப் போக வேண்டும். பெரியாறு, கோவிலாறு என்று அங்கே இரண்டு அணைகள். இரண்டையும் சேர்த்துத்தான் பிளவக்கல் என்பது. (முல்லைப் பெரியாறு வேறு. வெளியூர்க்காரர்கள் எப்போதும் குழப்பிக்கொள்வார்கள்.) மழை நல்லபடியாகப் பெய்தால் நெல், வருஷம் முழுக்கத் தென்னை, சித்திரை வைகாசியில் மாங்காய். பிள்ளைகளின் வீடுகளில் ஆங்கிலம் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஆங்கிலம் இல்லாத வீடும் இல்லை. உர மூட்டையில் இருந்தது, தீப்பெட்டி லேபிளில் இருந்தது, சிவகாசிக் காலண்டரில் இருந்தது, சத்திரப்பட்டித் தறிகளில் நெய்து மூட்டை கட்டிய பேண்டேஜ் துணியின் அட்டைப்பெட்டியில் இருந்தது. அணைக்கரையில் பெரிய எழுத்தில் 'பாத்திங் புரொஹிபிட்டட்' என்று இருந்தது. யாரும் அதை வாசித்ததும் இல்லை, அதற்குக் கட்டுப்பட்டதும் இல்லை.

பிள்ளைகளுக்குச் சிக்கல் வாயில்தான். ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்கும், உதடு அசையும், சத்தம் வராது. பக்கத்துப் பெஞ்சில் யாராவது சிரித்துவிட்டால் அந்த வாரம் முழுக்க வாய் திறக்காது. எழுத்தின் பெயரைச் சொல்வதிலேயே பாதிப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது எழுத்தும் 'பி', பதினாறாவது எழுத்தும் 'பி'. நாலாவதும் 'டி', இருபதாவதும் 'டி'. தமிழில் எழுதினால் எனக்கும் அதே கதிதான். மேலே சொன்ன டேஞ்சரில் வருவது நாலாவது எழுத்தான டி என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மொழியில் ஒலிப்புக் கடுமையை இடம் தீர்மானிக்கிறது, எழுத்து தீர்மானிப்பதில்லை. தமிழ் நாக்குக்கு அது இயல்பு. அதை ஒரு குறையாக நினைத்துப் பிள்ளையைத் திருத்திக்கொண்டே இருந்தால் ஐந்து வருஷம் ஓடிவிடும், ஆங்கிலம் வராது.

ஆனால் கையில் அட்டையைக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் கிடையாது. இரண்டு 'பி'யும் வெவ்வேறு அட்டை. 'பேட்' என்று பிள்ளை எதைச் சொல்கிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். அடுக்கியிருப்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். எழுத்தை வைத்துச் சொல் தேடுகிற விளையாட்டில் கூலிக்குப் போகிறவர் மகளும் வாத்தியார் மகனும் ஒரே இடத்தில் நிற்பார்கள். வாய்ப்பேச்சில் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. என் வேலைக்காலத்தில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்ட ஒரே விஷயம் இதுதான்: முதல் தலைமுறைப் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் வாசல் எழுத்து. உச்சரிப்பு அடுத்த அறை.

அட்டைக்குப் பஞ்சமில்லை. 1922இல் சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, பட்டாசுக்கும் வேண்டியிருந்தது. அந்தத் தேவையில் சிவகாசி அச்சு ஊராயிற்று. கட்டிங் மெஷினில் விழும் ஓரத்துண்டு மூட்டை மூட்டையாகப் போகும். நல்ல கெட்டி அட்டை, ஒருபக்கம் பளபளப்பு, மறுபக்கம் வெள்ளை. தெரிந்தவர் மூலம் ஒரு பை நிறைய வாங்கி வந்தால் ஒரு வகுப்புக்குக் காணும். உயிரெழுத்து ஐந்தும் சிவப்பு மையில், மற்றவை நீலத்தில். உயிர், மெய் என்ற பாகுபாடு நம் பிள்ளைக்குப் புதிதல்ல. புதிதாகப் புரிய வேண்டியது ஒன்றுதான்: தமிழில் மெய்யும் உயிரும் கலந்து ஓர் எழுத்தாகிவிடும், ஆங்கிலத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாகவே உட்கார்ந்திருக்கும். சிவப்பு அட்டை இல்லாமல் நீலத்தையே அடுக்கிக்கொண்டு போகிற பிள்ளைக்கு, "உயிர் எங்கே?" என்று கேட்டால் போதும்.

எந்த எழுத்து எத்தனை வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடையில் விற்கும் எழுத்துப் பெட்டியில் பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒன்றுதான் இருக்கும். அதை வைத்து 'ஆப்பிள்' கூட அடுக்க முடியாது, இரண்டு பி வேண்டும். எனக்குக் கணக்கைக் காட்டியவர் பழைய அச்சகம் ஒன்றில் கம்பாசிட்டராக இருந்த ஓர் அண்ணாச்சி. அவருடைய இங்கிலீஷ் கேஸில் 'இ' இருந்த அறைதான் எல்லாவற்றிலும் பெரிது. நடுவில், கைக்கு நேராக இருந்தது. க்யூ, எக்ஸ், இசட் எல்லாம் ஓரத்துச் சின்ன அறைகளில்.

"டீச்சரம்மா, எல்லா எழுத்தும் ஒரே அளவா வாங்கினா 'இ' முதல்ல தீந்துபோகும். இசட் அறையில தூசிதான் சேரும்" என்றார்.

அவருக்கு ஆங்கிலத்தில் நாலு வரி பேச வராது. ஆனால் ஒரு பக்கத்தை அச்சுக்கோக்கும்போது எந்த எழுத்து எத்தனை தேவைப்படும் என்பது விரலில் இருந்தது. தந்திக்கான மோர்ஸ் குறியீட்டை உருவாக்கியபோது ஆல்ஃபிரட் வெயில் அச்சகத்துக்குப் போய் எழுத்துப் பெட்டியைப் பார்த்துத்தான் அளவு தெரிந்துகொண்டார் என்று சொல்வார்கள். மோர்ஸில் 'இ'க்கு ஒரே ஒரு புள்ளி. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "வேற எங்க போய்ப் பாப்பான்?" என்றார்.

இன்னொரு கணக்கு ஸ்கிராபிள் என்ற சொல் விளையாட்டில் இருக்கிறது. வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் உருவாக்கியது. 1948இல் ஜேம்ஸ் புருனோ அதற்கு இப்போதைய பெயரை வைத்து விற்றார். செய்தித்தாளில் எழுத்துகளை எண்ணித்தான் பட்ஸும் அளவு வைத்தார். 100 வில்லைகளில் இ 12, ஏ 9, ஐ 9, ஓ 8. எஸ் மட்டும் நாலே நாலு. உண்மையில் எஸ் அதைவிட அதிகம் புழங்கும் எழுத்து. எந்தப் பெயர்ச்சொல்லின் வாலிலும் எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கி ஆட்டத்தை எளிதாக்கிவிடுவார்கள் என்று அவர் குறைத்துவிட்டார். என் வகுப்பில் அட்டையைக் குறைக்கவில்லை, விதியைப் போட்டேன்: எஸ் ஒட்டி வந்ததைப் புதுச் சொல்லாகக் கணக்கில் சேர்க்க முடியாது. முதல் நாள் பெரிய கலகம். 'கேட்', 'கேட்ஸ்' என்று நோட்டை நிரப்பி வைத்திருந்தவனுக்குப் பாதி மதிப்பெண் போயிற்று.

இனி தேடும் முறை. ஒரு பெருஞ்சொல்லைக் கொடுத்து அதற்குள் சிறு சொற்களைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் நேர்வரிசையில் பார்ப்பார்கள். 'பாத்திங்' என்று கொடுத்தால் பேட், பாத், இன் என்று அடுத்தடுத்து இருப்பதை எடுத்துவிட்டு முடிந்தது என்பார்கள். எழுத்து வரிசையாக இருக்கும்வரை பழைய சொல் கண்ணை விடாது. அதனால் முதல் வேலை, அட்டைகளை வட்டமாக வைப்பது. குறுக்கெழுத்துப் போடுகிறவர்கள் காகிதத்தில் இதையேதான் செய்வார்கள். வட்டத்துக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது.

அடுத்தது எச். ஆங்கில எச்சுக்குத் தனியாக வாழ்க்கை குறைவு. நம் துணையெழுத்து மாதிரி இன்னொன்றின் பக்கத்தில் நின்றுதான் பாதி வேலை செய்யும். டி, சி, எஸ், ஜி, பி, டபிள்யூ ஆகியவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எச்சை அதன் பின்னால் நிறுத்த வேண்டும். பாத்திங்கில் டி இருக்கிறது, ஜி இருக்கிறது. டி-எச் சேர்ந்தால் 'தின்', 'திங்', 'பாத்'. ஜி-எச் சேர்ந்து அதன் பின்னால் டி நின்றால் 'நைட்' வந்துவிடும். இந்த இடத்தில் வகுப்பே ஓவென்று கத்தும்; ஏனென்றால் உச்சரிப்பில் ஜி-யும் இல்லை, எச்-சும் இல்லை. வாயால் ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு 'நைட்' ஒரு தொல்லை. கையால் படித்த பிள்ளைக்கு அது பரிசு. பிறகு 'ஜயண்ட்', 'ஹேபிட்' இரண்டும் அதே ஏழெழுத்துக்குள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். குளிக்கக் கூடாது என்ற பலகையில் ராத்திரியும் ராட்சசனும் பழக்கமும் இருப்பது அணைக்கரைப் பிள்ளைகளுக்குத் தனிச் சந்தோஷம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகைக்கு முன்னால் நின்று வீட்டாருக்கு வாசித்துக் காட்டியதாக ஒருத்தி வந்து சொன்னாள். பலகையை ஒருவர் வாசித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

வால் தேடுவதும் ஒரு முறை. ஐ-என்-ஜி மூன்றும் இருந்தால் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தில் ஒரு வினை கிடைக்கிறதா என்று பார்க்கலாம். இ-ஆர், இ-டி இரண்டுக்கும் அதே வழி. முரட்டு எழுத்து வந்தால் அதையே முதலில் பிடிக்க வேண்டும். க்யூ வந்தால் யூவைத் தேடு. வி வந்தால் அதைக் கடைசியில் வைக்காதே. புழக்கத்தில் உள்ள ஆங்கிலச் சொல் வியில் முடிவது மிக அரிது. 'ஹேவ்', 'கிவ்', 'லவ்' எல்லாவற்றிலும் சத்தமில்லாத ஓர் இ காவலுக்கு நிற்பது அதனால்தான். "டீச்சர், இந்த இ எதுக்கு?" என்று வருஷா வருஷம் கேட்கப்படும் கேள்விக்கு என்னிடம் இருந்த ஒரே நேர்மையான பதில் இது. அதற்கு முன்பு, பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, "அது சைலண்ட்" என்று சொல்லிக் கடந்துவிடுவேன். சிவப்பு அட்டையே இல்லாமல் 'ஸ்கை', 'ட்ரை', 'ஃப்ளை' என்று அடுக்கிக் காட்டி, ஒய்யும் சில சமயம் உயிர்தான் என்று எனக்கு எதிராக வழக்காடியவர்களும் உண்டு. அன்றிலிருந்து ஒய் அட்டைகளை இரண்டு மையிலும் எழுதினோம்.

மழை நாளில், பாதிப் பேர் வராதபோது, அந்தாதி ஆடுவோம். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். தமிழில் ஆடும் அதே ஆட்டம்தான், ஆனால் ஆங்கிலத்தில் அது சீக்கிரம் இயில் போய்த் தேங்கிவிடும். ஆப்பிள், எலிஃபண்ட், டேபிள், ஈகிள், எக் என்று சுற்றிச் சுற்றி வந்து இயில் தொடங்கும் சொற்கள் தீர்ந்துபோகும். கெட்டிக்காரப் பையன்கள் 'பாக்ஸ்', 'ஃபாக்ஸ்', 'சிக்ஸ்' மூன்றையும் மடியில் கட்டி வைத்திருப்பார்கள். எதிராளி எக்ஸில் என்ன சொல்வான்? 'எக்ஸ்-ரே' ஒருமுறை தப்பிக்க வைக்கும், 'ஜெராக்ஸ்' இன்னொரு முறை. ஜெராக்ஸும் எக்ஸிலேயே முடிவதால் அது திருப்பி எறிகிற கல். அதைக் கண்டுபிடித்தவன் அந்த வருஷம் வகுப்பின் ராஜா. கம்பெனிப் பெயரை ஒத்துக்கொள்ளலாமா என்று வழக்கு வந்தது. கூமாப்பட்டியில் எந்தக் கடையில் கேட்டாலும் அது சொல்தான் என்று தீர்ப்பளித்தேன்.

அகராதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்தது அட்டை கிழிந்த ஒரு லிஃப்கோ ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ். கண்டுபிடித்த சொல் இருக்கிறதா என்று பார்க்க அது போதும். கண்டுபிடிக்க உதவாது. அகரவரிசை முதல் எழுத்து தெரிந்தவனுக்குத்தான் கதவைத் திறக்கும். நடு எழுத்தோ கடைசி எழுத்தோ மட்டும் தெரிந்தவன் வெளியே நிற்க வேண்டியதுதான். இந்தக் குறையை நிவர்த்தி செய்தவர் நம் பக்கத்திலேயே ஊழியம் செய்தவர் என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் சில காலம் இருந்த வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. நான்காவதான தொடையகராதி எதுகைக்காகச் சொற்களைக் கூட்டி வைத்தது. எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒத்திருப்பது. செய்யுள் எழுதுகிறவனுக்கு முதல் எழுத்து பெரிதில்லை, இரண்டாம் எழுத்து இன்னதாக இருக்கும் சொற்கள்தான் வேண்டும். அந்தத் தேவைக்கு ஒரு அகராதி. ஆங்கிலத்தில் ஜான் வாக்கர் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கிய அகராதியை வெளியிட்டது 1775இல். எல்லோரும் வீரமாமுனிவரை அகரவரிசைக்காகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவருடைய தொடைப் பகுதிதான் பெரிது. குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட எழுத்து உள்ள சொல் வேண்டும் என்று ஒருவன் கேட்பான் என அவர் எதிர்பார்த்திருக்கிறார்.

வகுப்புக்காக நானும் ஒரு நோட்டு வைத்திருந்தேன். சொல்லின் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி அதைத் தலைப்பாக எழுதுவேன். டேஞ்சர் என்றால் ஏ-டி-இ-ஜி-என்-ஆர். கார்டனும் அதே தலைப்புக்குக் கீழேதான் வந்து விழும், கேண்டரும் அங்கேதான். எத்தனை குழப்பமாகக் கலைத்துக் கொடுத்தாலும் அடுக்கிப் பார்த்தால் ஒரே முகவரி. பொறியியல் படித்த பழைய மாணவன் ஒருவன் நோட்டைப் புரட்டிவிட்டு, "டீச்சர், இது எங்க பாடத்துல இருக்கு" என்றான். ஜான் பென்ட்லி 1986இல் வெளியிட்ட 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' புத்தகத்தில் இதே தந்திரத்தைத்தான் விளக்குகிறாராம். ஒவ்வொரு சொல்லுக்கும் அடுக்கிய எழுத்துகளை அடையாளமாகக் கொடு, அடையாளத்தை வைத்து வரிசைப்படுத்து, ஒத்தவை தாமாகப் பக்கத்தில் வந்து நிற்கும். இன்று போனில் எழுத்தைத் தட்டினால் நொடியில் பட்டியல் வருவதற்கும் அடிப்படை அதைப் போன்ற ஒரு கணக்குத்தான்.

நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கத்தை நான் எழுதவில்லை, எட்டாம் வகுப்பு எழுதியது. கரும்பலகையில் 'டீச்சர்' என்று எழுதிப் போட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கடைசிப் பெஞ்சில் ஒரே குசுகுசுப்பு. ஒருவன் எழுந்தான்.

"டீச்சர், ஒண்ணு கெடைச்சிருக்கு. சொன்னா அடிக்க மாட்டீங்கள்ல?"

"வந்து எழுது."

எழுதினான்: 'சீட்டர்'. ஏழு எழுத்தும் சரி, ஒன்றுகூட மிச்சமில்லை. வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. முழு மதிப்பெண் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். "டீச்சர், ஹெக்டேரும் உங்க எழுத்துதான்." எனக்கே அது தெரியாது. வாங்கி அடுக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அந்தச் சொல் அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்றால் வீட்டுப் பட்டாவிலிருந்து. அப்பாவுக்கு நிலத் தகராறு ஒன்று இருந்தது. பெட்டியிலிருந்து காகிதங்களை எடுத்து அவளை வாசிக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். பரப்பளவு ஹெக்டேரில்தான் இருக்கும். எந்தப் பாடப்புத்தகமும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தச் சொல்லைத் தந்திருக்காது.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என்னிடம் பலர் சொன்னார்கள். எழுத்தை வைத்துச் சொல் கண்டுபிடித்தால் மொழி வந்துவிடுமா? வராது. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்கார்ந்தார். அது மலைக்க வைக்கிற நினைவாற்றல், ஆனால் என் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். அதனால் கண்டுபிடித்த சொல் அகராதியில் இருந்தால் மட்டும் போதாது, அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதினால்தான் மதிப்பெண் என்று வைத்தேன். ஆரம்பத்தில் எல்லாம் "திஸ் இஸ் எ கார்டன்" வகைதான். ஒருவன் மட்டும் சோம்பேறித்தனத்தில் மூன்று சொல்லுக்கும் ஒரே வாக்கியம் எழுதிக் காட்டினான்: "மை கேண்டர் இஸ் இன் டேஞ்சர் இன் தி கார்டன்." அவன் வாத்தைப் பார்த்தானோ இல்லையோ, மூன்று சொல்லையும் அவற்றின் இடத்தில் உட்கார வைத்துவிட்டான். அதையே எழுந்து நின்று வாசிக்கவும் செய்தான், யாரும் சொல்லாமலே. தன் கையால் செய்த வாக்கியத்தை வாசிக்கப் பிள்ளைகள் வெட்கப்படுவதில்லை.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஆசிரியர்கள் சிலர் என்னிடம் கேட்பது, எந்தச் சொல்லைக் கொடுப்பது என்றுதான். போனில் தேடிப் பட்டியல் எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, வகுப்புக்குப் போவதற்கு முன்னால் ஆசிரியர் எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் கையில் அட்டை இருக்கட்டும். பெருஞ்சொல்லில் குறைந்தது இரண்டு வெவ்வேறு உயிர் வேண்டும். 'கோகனட்' தென்னை ஊருக்குப் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் ஓ இரண்டு, சி இரண்டு என்று இடத்தை அடைத்துக்கொள்ளும். 'கவுண்ட்' ஒன்றுதான் கொஞ்சம் பெரிய சொல். 'காஸ்' என்ற மருத்துவத் துணியில் இசட் இருப்பதால் 'கேஸ்', 'ஏஜ்' தவிர ஒன்றும் தேறாது. 'பேண்டேஜ்' பரவாயில்லை: பேண்ட், பெண்ட், பீன், பீட், பிகேன். 'மேட்சஸ்' நல்ல சொல்; டீச், சீட், ஸ்டீம், செஸ்ட் எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள். எல்லாவற்றிலும் உத்தமம் 'காலண்டர்'. சிவகாசிக்காரர்கள் எல்லா வீட்டுச் சுவரிலும் மாட்டி வைத்திருக்கிறார்கள், தேடிப் போக வேண்டியதில்லை. கிளீன், கிளியர், டான்ஸ், லெர்ன், கேண்டில், கிரேடில், கனால் என்று ஒரு பாடவேளைக்குத் தாங்கும். ஆறாம் வகுப்பு என்றால் இரண்டு ஏயில் ஒன்றை எடுத்துவிட்டு ஏழு அட்டையாகக் கொடுங்கள், 'கனால்' மட்டும்தான் போகும்.